மாமாவின் கடையை எடுங்கள், பாக்கி நோட்டை எடுக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. சேலத்தில் தனியார் நிறுவனத்தில் வேலை. ஆத்தூரில் என் தாய்மாமா 26 வருடமாக ஹார்டுவேர், பெயின்ட் கடை நடத்துகிறார். அத்தைதான் கல்லாவில் இருப்பார். மாமாவுக்கு இப்போது உடம்பு முடியவில்லை, கடையை என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். வர வேண்டிய பாக்கி 22 லட்சம், சரக்கு 9 லட்சம், மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டியது 14 லட்சம். "கழித்தால் 17 லட்சம் நிற்கிறது, நீ 10 கொடுத்தால் போதும்" என்கிறார். நோட்டைப் புரட்டினேன். 8 லட்சம் மூன்று வருடத்துக்கும் மேல் பழையது. 7 லட்சம் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள். மீதி 7 லட்சம் இந்த வருடத்தது. கையில் 8 லட்சம் இருக்கிறது. மனைவி நகையை அடகு வைத்து மீதியைப் புரட்டலாமா?

பதில்: நகையைத் தொடாதீர்கள். மாமா உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. நோட்டில் எழுதியதெல்லாம் பணம் என்று அவரே நம்புகிறார், அவ்வளவுதான்.

கடனுக்குக் கொடுத்த சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்கிறது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அந்தக் கெடுவுக்குள் கடன்காரர் பாக்கியை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாலோ, கொஞ்சம் பணம் கட்டி அதற்குக் கையெழுத்திட்டிருந்தாலோ அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். மாமாவின் நோட்டில் அவர் கையெழுத்து மட்டும்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் அந்த 8 லட்சத்துக்கு நான் ஒரு ரூபாய்கூட மதிப்புப் போட மாட்டேன். அடுத்த 7 லட்சத்தில் கால்வாசி தேறலாம். இந்த வருடத்து 7-இல் நாலேகால் என்று வையுங்கள். மொத்தம் 6 லட்சம். பழைய பெயின்ட் டப்பா, விலைபோகாத ஷேடு, துருப்பிடித்த பிட்டிங்கைக் கழித்தால் சரக்கும் 6-தான் நிற்கும். தர வேண்டியதோ 14. ஆக, 10 லட்சம் விலை சொல்லும் இடத்தில் 2 லட்சம் பள்ளம் இருக்கிறது.

பள்ளம் இன்னும் ஆழமாகவும் இருக்கலாம். மொத்த வியாபாரிக்கு 180 நாளுக்குள் பணம் தரவில்லை என்றால், அந்த பில்லில் எடுத்த ஜிஎஸ்டி வரவை, அதாவது சரக்கு வாங்கும்போது தந்த வரியை நம் வரியில் கழித்துக்கொண்டதை, வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். அந்த 14 லட்சத்தில் 10 லட்சம் அப்படிப் பழையதென்றால், 18 சதவீத வரியில் அது மட்டுமே சுமார் ஒன்றரை லட்சம். வியாபாரிக்குப் பணம் கொடுத்த பிறகு அந்த வரவைத் திரும்ப எடுக்கலாம், ஆனால் அதுவரை கைப்பணம் போகும். வியாபாரம் கைமாறினால், அதுவரையுள்ள ஜிஎஸ்டி பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. அதனால் மாமாவின் ரிட்டர்ன்களை ஒரு ஆடிட்டரிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கியில் சிசி (கேஷ் கிரெடிட்) கடன் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் சரக்கும் பாக்கியும் வங்கிக்கு ஈடாக இருக்கும். வங்கியின் சம்மதம் இல்லாமல் மாமாவால் அவற்றைத் தர முடியாது.

சரி, வேண்டாம் என்று விட்டுவிடலாமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 26 வருடம் நின்ற கடைக்கு இடமும் பெயரும் உண்டு. எடுக்கும் விதத்தை மாற்றுங்கள்.

உங்கள் பெயரில் புது ஜிஎஸ்டி பதிவு, புது வாடகை ஒப்பந்தம். சரக்கை இருவரும் சேர்ந்து எண்ணி, தேறுவதற்கு மட்டும் மாமா பில் போடட்டும். அந்தப் பணம் மாமா கைக்குப் போக வேண்டாம், அவர் கணக்கில் நேராக மொத்த வியாபாரிகளுக்குப் போகட்டும். முதலில் 3 லட்சம், சரக்கு விலையில் மீதி ஆறு மாதத் தவணை என்று அவர்களிடம் பேசுங்கள். நின்றுபோன பாக்கியில் ஒரே நாளில் 3 லட்சம் வருகிறதென்றால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள், உங்களுக்குச் சரக்குப் போடவும் தயங்க மாட்டார்கள். உங்கள் கையில் மிச்சமுள்ள 5 லட்சத்தில் 2 லட்சம் வீட்டுச் செலவுக்கு, அதை மறந்துவிடுங்கள். கடைப் பெயருக்காக மாமாவுக்கு இரண்டு வருடம் லாபத்தில் மாதாமாதம் ஒரு தொகை கொடுங்கள். அது அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது.

பாக்கி நோட்டு மாமாவுடையதாகவே இருக்கட்டும். வசூலிக்க உங்களுக்கு ஒரு அதிகாரக் கடிதமும், வசூலானதில் பத்தில் ஒரு பங்கும் போதும். பாக்கியையும் சேர்த்து வாங்கியே தீர வேண்டும் என்று மாமா நின்றால், கடனை உங்களுக்கு மாற்றியதை அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், ஒவ்வொரு கடன்காரருக்கும் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் போகாவிட்டால், கடன்காரர் மாமாவிடமே பணத்தைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாம், உங்களால் கேட்க முடியாது.

வசூலில் ஒரு விஷயத்தை நான் பல கடைகளில் பார்த்து வருந்தியிருக்கிறேன். நாற்பதாயிரம் பாக்கி வைத்த மேஸ்திரி அந்தத் தெரு வழியாகவே வர மாட்டார். ரொக்கத்தை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போவார். பாக்கியும் போய், அவர் கூட்டிவரும் வீட்டுக்காரர்களும் போய்விடுவார்கள். அவரிடம் போய், "அண்ணே, பழையது தனியா இருக்கட்டும். புதுச் சரக்குக்கு ரொக்கம் கொடுங்க, வரும்போதெல்லாம் பழையதுல ஆயிரம் கழிச்சுக்கலாம்" என்று சொல்லுங்கள். ஒவ்வொரு ஆயிரத்துக்கும் நோட்டில் அவர் கையெழுத்து வாங்குங்கள். மூன்று வருடம் தாண்டாத கணக்குக்கு அதுவே காப்பு. தாண்டியதற்கு, "இவ்வளவு பாக்கி, தந்துவிடுகிறேன்" என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுவும் செல்லும்.

பெரிய தொகை வைத்துக்கொண்டு பிடிகொடுக்காத கான்ட்ராக்டர்கள் மீது மாமா பெயரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். அங்கே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், கோர்ட் கட்டணமும் கிடையாது. ஆனால் எதிராளியும் ஒத்துக்கொண்டால்தான் தீரும்.

அதுவரை வேலையை விடாதீர்கள். இந்த ஞாயிறு ஆத்தூர் போய் அத்தையை உட்கார வைத்து நோட்டை ஒவ்வொரு பெயராகப் படியுங்கள். யார் தருவார், யார் தரமாட்டார் என்று அவர் சொல்வதைப் பக்கத்திலேயே பென்சிலால் குறியுங்கள். என் கணக்கைவிட அவர் கணக்கு சரியாக இருக்கும். அதற்குப் பிறகு மாமாவிடம் விலை பேசுங்கள்.