எச்பிஏ1சி 7-க்குக் கீழே இருந்தே ஆக வேண்டுமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 81. நெடுங்காலமாகச் சர்க்கரை நோய். இதய நோயும் உண்டு. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் அவருக்கு 7.8 சதவீதம். "இதுவே போதும், மாத்திரையைக் குறைத்துவிடலாம்" என்கிறார் எங்கள் குடும்ப மருத்துவர். 7-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று மருத்துவச் சங்கங்களின் சிகிச்சை நெறிமுறைகளில் படித்தேன். அவற்றைப் பின்பற்றாத மருத்துவரை நம்பலாமா?

பதில்: நம்பலாம். உங்கள் மருத்துவர் நெறிமுறையை முழுவதுமாகப் படித்தவர் என்றே தோன்றுகிறது. பெரும்பாலான பெரியவர்களுக்கு 7 சதவீதத்துக்குக் கீழ் என்று கூறும் அமெரிக்க நீரிழிவுச் சங்கமே, பல நோய்கள் சேர்ந்திருக்கும் முதியவர்களுக்கு 8-க்குக் கீழ் இருந்தால் போதும் என்றும் கூறுகிறது. இந்தத் தளர்வுக்கு வலுவான காரணம் உண்டு. இதய நோய் ஆபத்து மிகுந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த 'அக்கார்டு' ஆய்வில், எச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் இறப்புகள் கூடியதால், அந்தத் தீவிர சிகிச்சையை 2008-இல் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

கிளிமிபிரைடு போன்ற சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையைச் சாப்பிடும் முதியவர், பசியில்லாமல் இரவு உணவைப் பாதியில் வைத்துவிட்டுப் படுத்தால், விடியற்காலையில் சர்க்கரை 60-க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். வியர்த்து, தடுமாறி, கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், குறைந்த எச்பிஏ1சியால் அவருக்கு என்ன பயன்? தாழ்சர்க்கரையின் தீமை அன்றைக்கே தெரிந்துவிடும். கடும் கட்டுப்பாட்டின் நன்மை தெரியவோ பல ஆண்டுகள் ஆகும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பெரும்பாலான நெறிமுறைகள் ஒரு நோயை மட்டும் மனத்தில் கொண்டு எழுதப்படுபவை. ஐந்து நோய்கள் உள்ள 79 வயதுப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு, ஒவ்வொரு நோய்க்கும் உரிய நெறிமுறையை அப்படியே பின்பற்றினால் அவர் 12 மருந்துகள் சாப்பிட வேண்டியிருக்கும் என்று 2005-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். அவற்றுள் எது முதன்மையானது, எதைக் கைவிடலாம் என்று முடிவு செய்யும் பொறுப்பு, நோயாளியை நன்கு அறிந்த குடும்ப மருத்துவரிடமே வந்து சேர்கிறது.

அதற்காக, "என் அனுபவத்தில் இதுதான் சரி" என்று மட்டும் சொல்லும் மருத்துவரை நான் ஆதரிக்க மாட்டேன். மாரடைப்புக்குப் பிறகு இதயத் துடிப்பின் ஒழுங்கின்மையை அடக்க, நல்லதென்று நம்பித் தரப்பட்டுவந்த ஃபிளெகைனைடு, என்கைனைடு மருந்துகளால் இறப்புகள் கூடியதை 1989-இல் ஓர் ஆய்வுதான் வெளிப்படுத்தியது. தனித்தனி மருத்துவர்களின் அனுபவத்தில் அது புலப்படவில்லை. எனவே நெறிமுறையிலிருந்து விலகும் மருத்துவர், ஏன் விலகுகிறார் என்பதைச் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை போகும்போது, எந்த மாத்திரையை எதற்காகக் குறைக்கிறார், மறுபரிசோதனை எப்போது என்று கேளுங்கள். தந்தைக்கு அண்மையில் மயக்கமோ, விடியற்காலை வியர்வையோ இருந்திருந்தால் தவறாமல் சொல்லுங்கள். மாத்திரையைக் குறைத்தபின் அடிக்கடி சிறுநீர் கழிப்பதோ கடும் தாகமோ தென்பட்டால், மறுபரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.