வயிறு, தொப்பை, சுகர்: ஏ.ஆர்.டி எடுக்கும் இளசுகளின் கேள்விகள்

எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கும் கூட்டு மருந்தான ஏ.ஆர்.டி எடுக்கும் இளசுகளிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில், சிடி4 (எச்.ஐ.வி தாக்கும் எதிர்ப்பு அணுக்களின் எண்ணிக்கை) எவ்வளவு இருக்கணும் என்று கேட்டவர்கள் குறைவு. எடை, வயிறு, சுகர், இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள். எனக்கு இதில் சந்தோஷம்தான், பிழைப்போமா என்று கேட்ட காலம் போய் பேன்ட் பத்தவில்லை என்று கேட்கும் காலம் வந்திருக்கிறது. பெயர் யாருக்கும் போடவில்லை, சிலருக்கு ஊரையும் மாற்றிவிட்டேன்.

ஓசூர் சிப்காட்டில் வேலை சார், வயது 24. மாத்திரை ஆரம்பிக்கும்போது 52 கிலோ, இப்போது 69. ரூமில் எல்லாரும் கிண்டல் செய்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் மாத்திரையை விட்டால் எடை குறையுமா?

அதை மட்டும் செய்யாதீங்க தம்பி. நீங்கள் போடும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று மருந்து இருக்கிறது. டோலுடெக்ராவிர் எடுப்பவர்களுக்கு எடை கூடுவது பல நாடுகளில் பார்த்த விஷயம், பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். அதற்காக 17 கிலோவையும் மருந்தின் தலையில் கட்ட முடியாது. நோயில் உருகிப்போன உடம்பு தேறியதில் கொஞ்சம் போயிருக்கும், அது உங்களுக்குச் சேரவேண்டியது. மீதிக்கு நைட் ஷிஃப்டைக் கேளுங்கள்: கேன்டீனில் அளவில்லாத சோறு, கேட்டுக்கு வெளியே பரோட்டா சால்னா, நடுவில் சர்க்கரை தூக்கலாக நாலு டீ, அப்புறம் பகல் முழுக்கத் தூக்கம்.

மருந்தை விட்டு விட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே பெரிய அளவில் பார்த்துவிட்டார்கள். 2006இல் வெளியான ஸ்மார்ட் ஆய்வில் 5,472 பேர். ஒரு பிரிவினருக்கு சிடி4 நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்தி, இறங்கினால் மறுபடி கொடுத்தார்கள். பக்க விளைவு குறையும் என்று எதிர்பார்த்துச் செய்தது, ஆனால் நிறுத்தியவர்களில்தான் சாவும் அதிகம், இதய நோயும் அதிகம்.

ஒரு இன்ச் டேப் வாங்கி, மூச்சை எக்காமல் (எல்லாரும் எக்குவார்கள்!) இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ, பெண்களுக்கு 80 செ.மீ தாண்டினால் வெறும் வயிற்று சுகரும் கொழுப்பும் பார்க்கவேண்டும். சுகர் 100க்குக் கீழே நல்லது, 100 முதல் 125 வரை எச்சரிக்கை, 126 தொட்டால் இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்வார்கள். ஷிஃப்டுக்குப் போகும் முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, நடு ராத்திரிக்குச் சுண்டலோ அவித்த முட்டையோ கொண்டுபோனால் பரோட்டா பாதி குறையும்.

அரூர் பக்கம், வயது 22. வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவு) கண்டறிய முடியாத அளவு, சிடி4 640. ஆனாலும் வயிறு உப்பிக்கொண்டே இருக்கிறது, காலையில் மூன்று தடவை போகிறேன். கிருமிதான் இல்லையே, அப்புறம் ஏன்?

கிருமி ரத்தத்தில் அடங்கியிருக்கிறது, உடம்பை விட்டுப் போய்விடவில்லை. நம் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி இருப்பது குடல் சுவரில். எச்.ஐ.வி உள்ளே நுழைந்த முதல் சில வாரங்களிலேயே அங்கேதான் போய் அடிக்கிறது. மாத்திரை போட்டதும் ரத்தத்தில் சிடி4 மளமளவென்று ஏறும், குடலில் உள்ளது அந்த அளவுக்கு மீள்வதில்லை. அதனால் குடல் சுவர் பழைய ஓட்டு வீடு மாதிரி அங்கங்கே ஒழுகும். உள்ளே கிடக்கவேண்டிய பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிய, உடம்பு அதோடு சண்டை போட்டுக்கொண்டே இருக்கும். வெளியே காய்ச்சல்கூடத் தெரியாது. இந்த ஓயாத அழற்சிக்கும், இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதற்கும், ரத்தக்குழாயில் கொழுப்பு படிவதற்கும் தொடர்பு இருக்கிறது. வயிற்றையும் சுகரையும் ஒரே பதிலில் நான் இழுப்பது அதனால்தான்.

சரி, உங்கள் மூன்று தடவைக்கு இதையே காரணம் சொல்லிவிட்டு நான் எழுந்துபோக முடியாது. அமீபா, ஜியார்டியா, பால் ஒத்துக்கொள்ளாமை, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டீ, இதெல்லாம் எச்.ஐ.வி இல்லாதவர்களுக்கும் வருவதுதான். மலப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். ரத்தம் போனால், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பினால், எடை இறங்கினால், இரண்டு வாரம் தாண்டினால் உடனே காட்டவேண்டும். சிடி4 200க்குக் கீழே இருப்பவர்கள் ஒன்று கவனிக்கணும்: கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சாதாரண மலப் பரிசோதனையில் தட்டுப்படாமல் போகும், அதற்குத் தனிச் சாயம் போட்டுப் பார்க்கவேண்டும், எனவே எச்.ஐ.வி இருப்பதை டாக்டரிடம் சொல்லித்தான் ஆகணும். தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க விட்டால் அது சாகும். ஆனால் நம் தர்மபுரி மாவட்டத்து போர் தண்ணீரில் உள்ள ஃப்ளோரைடு கொதித்தால் போகாது. ஒகேனக்கல் குடிநீர் வரும் ஊராக இருந்தால் அதைப் பிடித்துக் காய்ச்சிக் குடியுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து: கால்சியம் மாத்திரையோடு இந்த மாத்திரையைப் போடாதே என்றார்கள். ராகியில் கால்சியம் அதிகமாமே, களியை விட்டுவிடணுமா?

களியை விட்டுவிட்டு தர்மபுரியில் என்னத்தைச் சாப்பிடுவீர்கள்? தாராளமாகச் சாப்பிடுங்கள். 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டுதான், ஆனால் பிரச்சினை சாப்பாட்டில் இல்லை. சத்து மாத்திரையில் மொத்தமாக வரும் கால்சியமும் இரும்பும் குடலில் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகவிடாது. சாப்பாட்டோடு சேர்த்தால் இரண்டையும் ஒன்றாகப் போடலாம். வெறும் வயிறு என்றால் ஏ.ஆர்.டி முதலில், சத்து மாத்திரை 2 மணி நேரம் கழித்து. சத்து மாத்திரையை முதலில் போட்டுவிட்டால் ஏ.ஆர்.டிக்கு 6 மணி நேரம் விடுங்கள். நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் மாதிரி குடிப்பவர்களுக்கு அந்தச் சாப்பாட்டுச் சலுகையும் கிடையாது, இடைவெளி கட்டாயம்.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு சித்தி: அக்கா மகனுக்கு 17 வயது, பிறவியிலேயே வந்தது. கன்னம் ஒட்டி, கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் முன்னால் நிற்கிறது. சரியாகச் சாப்பாடு போடவில்லை என்று ஊரே என்னைப் பேசுகிறது.

அம்மா, சாப்பாட்டில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பழைய மருந்துகளான ஸ்டாவுடினும், ஓரளவு சிடோவுடினும், தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பைக் கரைக்கும். சின்ன வயதில் என்ன மருந்து கொடுத்தார்கள் என்று பழைய அட்டையில் பாருங்கள். மருந்து மாறிய பிறகும் கன்னம் மெதுவாகத்தான் வரும், முழுசாக வராமலும் போகலாம். முகத்தைவிட எனக்குக் கவலை அவன் ரத்தம். இந்த உடல்வாகில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் சுகரும் இளவயதிலேயே ஏறும், லோபினாவிர் என்ற எச்.ஐ.வி மருந்து எடுத்தால் ட்ரைகிளிசரைடு இன்னும் ஏறும், பேதியும் சேரும். சிடோவுடின் இன்னும் எடுக்கிறான் என்றால் மூன்று மாத சராசரி சுகர் அளவை நம்பாதீர்கள், அது குறைத்துக் காட்டக்கூடும். வெறும் வயிற்றில் பாருங்கள். அவனைக் கண்ணாடி முன் நிறுத்தி ‘இளைத்துட்டியே’ என்று சொல்லும் சொந்தக்காரர்களை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள், மாத்திரையை ஒளித்துவைக்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பேதி மருந்து குடித்து குடலைக் கழுவலாமா?

வேண்டாம். நீர் வற்றினால் சிறுநீரகம் தாங்காது, டெனோஃபோவிர் எடுக்கும்போது அந்த ஆபத்து கூடுதல். பேதியோடு அன்றைய மாத்திரையும் போய்விடக்கூடும்.

நல்ல பாக்டீரியா கேப்ஸ்யூல் வாங்கலாமா?

வாங்காவிட்டால் காசு மிச்சம். தயிர், மோர், பழைய சோறு, கூடவே கீரையும் பயறும் போதும். சிடி4 மிகக் குறைவாக இருப்பவர்கள் உயிருள்ள பாக்டீரியா கேப்ஸ்யூலை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

கிருஷ்ணகிரி, பெண், 29. தனியார் கிளினிக்கில் சுகருக்கு மெட்ஃபார்மின் கொடுத்தார்கள். எச்.ஐ.வி பற்றிச் சொல்லவில்லை.

சொல்லாததற்குத் திட்டமாட்டேன், ஆனால் இதைப் படியுங்கள். டோலுடெக்ராவிர் மெட்ஃபார்மினின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும், அதனால் ஒரு நாளைக்கு மொத்தம் 1000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். தாண்டினால் குமட்டல், பேதி, சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அதைவிடப் பெரிய சிக்கல். கிளினிக்கில் சொல்லத் தயக்கம் என்றால் மெட்ஃபார்மின் அட்டையை ஏ.ஆர்.டி மையத்தில் காட்டுங்கள், அவர்களுக்கு உங்கள் கதை தெரியும். சொன்னாலும் உங்கள் அனுமதி இல்லாமல் வெளியே பேசக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி சட்டம் இருக்கிறது. இப்போதே அட்டையைத் திருப்பி 500ஆ 1000ஆ என்று பாருங்கள். 1000 மாத்திரை காலையும் ராத்திரியும் என்று எழுதியிருந்தால், நீங்களாக நிறுத்தாமல் நாளைக்கே மையத்துக்குப் போங்கள்.