விட்டுப்போக முடியாத பயனர்

அன்புள்ள ஐயா,

ஒரு நிறுவனத்தின் உள் பயன்பாட்டுக்கான மென்பொருள்களை உருவாக்கும் குழுவில் பணிபுரிகிறேன். கொள்முதல், கிடங்கு, சம்பளப் பட்டியல் ஆகியவை எங்கள் பொறுப்பு. சென்ற ஆண்டு முதல், எதையும் புராஜெக்டாகப் பார்க்காமல் புராடக்டாகப் பார்க்கும்படி சொல்கிறார்கள். புராஜெக்ட் மேனேஜர்கள் புராடக்ட் ஓனர்கள் ஆகிவிட்டார்கள். சம்பளப் பட்டியலின் பழைய தரவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலைகூட இப்போது ஒரு புராடக்ட்தான். ஆனால் நாங்கள் எதையும் விற்பதில்லை, பயன்படுத்துவோருக்கு வேறு வழியும் இல்லை. சந்தையே இல்லாத இடத்தில் இது வெறும் பெயர் மாற்றம்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பதவியின் பெயரை மட்டும் மாற்றியிருந்தால் அது பெயர் மாற்றம்தான். ஆனால் பயன்படுத்துவோருக்கு வேறு வழி இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சந்தையில் ஒருவர் பிடிக்காத மென்பொருளைக் கைவிட்டால் விற்பனைக் கணக்கு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். அலுவலகத்துக்குள் இருப்பவரும் கைவிடுகிறார். சத்தமில்லாமல் ஓர் எக்செல் கோப்பைத் திறந்துகொள்கிறார், அவ்வளவுதான்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் இருந்த குழு ஒரு கிடங்குக்காகச் சரக்கு வரவைப் பதியும் மென்பொருளைச் செய்துகொடுத்தது. குறித்த நாளில், ஒதுக்கிய தொகைக்குள் வேலை முடிந்தது. தேவைப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே சரிக்குறி போட்டு, கையொப்பம் பெற்று, குழுவும் கலைந்தது. ஓராண்டு கழித்து வேறொரு வேலையாக அங்கே போனபோது, கிடங்குப் பொறுப்பாளர் வந்திறங்கும் சரக்கையெல்லாம் எக்செலில் எழுதிவைத்துக்கொண்டு, மாலையில் மொத்தமாக எங்கள் மென்பொருளில் ஏற்றுவதைக் கண்டேன். கொள்முதல் ஆணை எண்ணைத் தராமல் எங்கள் திரை எதையும் சேமிக்காது; அவசரச் சரக்கோ அந்த எண் வருவதற்கு முன்பே வாசலுக்கு வந்துவிடும். ஆணை எண் கட்டாயம் என்பது தேவைப் பட்டியலிலேயே இருந்தது, மேலதிகாரி ஒருவர் அதில் கையொப்பமிட்டும் இருந்தார். ஆகவே எங்கள் கணக்கில் பிழையே இல்லை. பகல் முழுவதும் இருப்புக் கணக்கு பொய்யாக இருந்தது, அது மட்டும்தான் குறை.

எண் பின்னர் வரும் என்று குறித்துச் சேமிக்க வழிசெய்வது இரண்டு நாள் வேலை. ஆனால் அதைச் செய்ய அங்கே ஆளில்லை. புதிய புராஜெக்ட் ஒன்றுக்கு மதிப்பீடு தயாரித்து, நிதி கேட்டு, அடுத்த நிதியாண்டு வரை காத்திருக்க வேண்டும். அதைவிட எக்செல் மேல் என்று அவர் முடிவு செய்ததில் நான் குறை காண மாட்டேன்.

நீங்கள் கேட்கும் வேறுபாடு இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். புராஜெக்டில் வேலைக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், வேலை முடிந்ததும் ஆட்கள் கலைகிறார்கள். புராடக்ட் என்று ஒன்றை அழைத்தால், அது புழக்கத்தில் இருக்கும் வரை அதற்குப் பொறுப்பான ஒரு குழு, சிறியதாகவேனும், இருந்தாக வேண்டும். நிஜ உலகில் பயன்பாட்டில் இருக்கும் மென்பொருள் தொடர்ந்து தகவமைக்கப்படாவிட்டால் அதன் பயன் படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும் என்பதை மென்பொருள் ஆய்வாளர் லேமன் 1974-லேயே ஒரு விதியாக வகுத்தார். வணிக மென்பொருளில் இதைக் கண்ணால் காணலாம்: வரி விதி மாறும், ஒப்புதல் தரும் படிநிலை மாறும், நிறுவனமே இன்னொன்றோடு இணையும். மென்பொருள் வந்துசேர்ந்ததாலேயே வேலை செய்யும் முறை மாறிவிடுவதும் உண்டு. அமேசானின் தொழில்நுட்பத் தலைவர் வெர்னர் வோகல்ஸ் 2006-இல் ஒரு நேர்காணலில், உருவாக்குபவர்களே அதை இயக்கவும் வேண்டும் என்றார். அவர் பேசியது பெரிய இணையச் சேவைகளைப் பற்றி என்றாலும் கிடங்குக்கும் அது பொருந்துகிறது; பழுதானால் அழைப்பு தனக்கே வரும் என்று அறிந்தவர், திரையில் நிரப்ப வேண்டிய எந்தப் புலத்தையும் அவ்வளவு எளிதில் கட்டாயமாக்க மாட்டார்.

அடுத்து, உங்கள் புராடக்ட் ஓனருக்கு மறுக்கும் அதிகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். துறைத் தலைவர் ஒருவர் 12 புதிய அறிக்கைகள் கேட்கும்போது, இவற்றைக் கொண்டு எந்த முடிவை எடுக்கப்போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்க முடியாதவர், கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் எழுத்தர் மட்டுமே. பயனர் கேட்பதையெல்லாம் செய்வதே புராடக்ட் மனப்பான்மை என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது பழைய தேவைப் பட்டியலைத் தவணை முறையில் எழுதுவதுதான். உங்கள் புராடக்ட் ஓனர் எதை அளக்கிறார் என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது: மாதத்தில் எத்தனை வசதிகள் வெளியாயின என்பதையா, அல்லது சரக்கு இறங்கியதற்கும் அது இருப்பில் ஏறியதற்கும் இடையே எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையா?

சம்பளப் பட்டியலின் தரவு மாற்றத்தைப் புராஜெக்டாகவே வைத்துக்கொள்ளுங்கள். பழைய மென்பொருளும் புதியதும் கணக்கிட்ட ஒரே மாதச் சம்பளம் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போய்விட்டால், அங்கே வேலை முடிந்தது. அதற்கு நிரந்தரக் குழு எதற்கு? கொள்முதலுக்கும் கிடங்குக்கும்தான் குழு நிலைத்திருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவதற்கு முன், பயன்படுத்துகிறவர் ஒருவரின் அருகில் ஒரு நாள் முழுவதும் அமர்ந்து, அவருடைய எக்செல் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். அப்படி ஒன்று இல்லை என்றுதான் காலையில் சொல்வார். பிற்பகலில் மீண்டும் கேளுங்கள்.