வாசகர் கேள்வி: சட்டை உரித்த டரான்டுலாவுக்கு எப்போது இரை வைப்பது?

கேள்வி: ஐந்து ஆண்டுகளாக ஒரு மெக்சிகோ செம்முழங்கால் டரான்டுலாவை வளர்த்து வருகிறேன். சென்ற செவ்வாயன்று அது மல்லாந்து கிடந்ததைப் பார்த்த என் தாயார், செத்துவிட்டது என்று சொல்லிக் குப்பையில் போடவே கிளம்பிவிட்டார். மாலையில் பார்த்தால் பெட்டிக்குள் இரண்டு சிலந்திகள்! ஒன்று, உரிந்த சட்டை. இன்றோடு ஐந்து நாட்களாகின்றன. உள்ளே விட்ட சுவர்க்கோழியைக் கண்டால் பின்வாங்குகிறது. பின்னங்கால் ஒன்றின் நுனியில் பழைய சட்டைத் துணுக்கு ஒட்டியிருக்கிறது. தண்ணீர் தெளிக்கலாமா?
— வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: முதல் வேலையாக அந்தச் சுவர்க்கோழியை வெளியே எடுத்துவிடுங்கள். சட்டை உரித்த சிலந்தியின் மேலோடு இன்னும் இறுகாமல் இருக்கும் இந்நாட்களில், இரையாக விட்ட பூச்சியே அதைக் கடித்துக் குதறிவிடக்கூடும். பின்வாங்குவதைப் பசியின்மை நோய் என்று எண்ண வேண்டாம். வெளித்தோலோடு கோரைப்பற்களின் உறையும் இரைப்பையின் உட்சுவர்ப் படலமும் சேர்ந்தே உரிந்து வருவதால், புதிய பற்கள் முதலில் வெண்மையாகவும் கடிக்க வலுவற்றும் இருக்கின்றன. அவை சிவந்து, பிறகு நன்கு கறுத்த பின்னரே இரை கொடுக்க வேண்டும். சிலந்தி கண்ணாடிச் சுவரில் ஏறும்போது கீழிருந்து பார்த்தால் பற்களின் நிறம் தெரிந்துவிடும். இதற்காக அதைக் கையில் எடுக்க வேண்டியதில்லை. குஞ்சுகளுக்குச் சில நாட்களே போதும். உங்களுடையதைப் போல வளர்ந்த சிலந்திக்கு 10 முதல் 14 நாட்கள் பொறுத்திருங்கள். முதல் இரை வழக்கத்தைவிடச் சிறியதாக இருக்கட்டும். ஒரு நாளுக்குள் தின்னாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

தண்ணீர் தெளிக்க வேண்டாம். மெக்சிகோவின் பசிபிக் கரையோர வறண்ட புதர்க்காடுகளைச் சேர்ந்த இந்த இனத்துக்கு பெட்டியில் பரப்பிய தேங்காய் நார்த்தூள் ஈரத்தில் ஊறினால் பிடிக்காது. பூஞ்சையும் வந்து சேரும். ஆழமில்லாத சிறு கிண்ணம் எப்போதும் நிறைந்திருந்தால் போதும், ஏனெனில் உரித்த சிலந்திக்கு முதலில் தேவைப்படுவது இரையன்று, நீர்தான். மற்றபடி சேலத்துச் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கோ மேற்குச் சன்னலுக்கோ அருகில் பெட்டியை வைக்காதீர்கள்.

கால் நுனியில் ஒட்டியிருப்பதை இழுக்கவே கூடாது. நுனியில் மட்டும் இருந்து, நடைக்கு இடைஞ்சல் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். அடுத்த உரிப்பில் அதுவும் கழன்றுவிடும். காலை இறுக்குவதுபோல் தெரிந்தால் மட்டும், மென்மையான ஓவியத் தூரிகையின் நுனியால் ஒரு சொட்டு வெதுவெதுப்பான நீரைத் தொட்டு வைத்து ஊற விடுங்கள். கால் ஒன்று போனாலும் அடுத்தடுத்த உரிப்புகளில் சற்றே சிறியதாக மீண்டும் முளைக்கும். அஞ்ச வேண்டியது வயிறு கிழிவதைத்தான். அரை அடி உயரத்திலிருந்து விழுந்தாலும் அது நேரலாம் என்பதால் இரண்டு வாரங்களுக்குப் பெட்டியை நகர்த்தவும் வேண்டாம். சிறு கீறலில் நீர் கசிந்தால் சோள மாவைத் தொட்டு வைப்பது வளர்ப்போரின் வழக்கம் (ஜவ்வரிசி ஊரான நமக்கு மரவள்ளி மாவு எளிதில் கிடைக்கும் என்றாலும், பழக்கத்தில் இருப்பது சோள மாவுதான்).

உங்கள் தாயாருக்கும் ஒரு வார்த்தை. டரான்டுலா கால்களை நீட்டுவது உடலுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால்தான். உயிர் போனால் அழுத்தம் குறைந்து கால்கள் வயிற்றுக்கடியில் சுருண்டுவிடும். பெரும்பாலும் நிமிர்ந்த நிலையிலேயே சாகும். மல்லாந்து கிடந்தால் சட்டை உரிக்கிறது என்று பொருள். பல மணி நேரமானாலும் புரட்டிப் போடக் கூடாது.

உரிந்த சட்டையை எறிந்துவிடாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு துளி கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியைத் தூரிகையால் மெல்ல விரித்து, முன்பக்கத்து நுரையீரல் மடிப்புகளுக்கு இடையே உருப்பெருக்கியால் பாருங்கள். ஆணிடம் பெற்ற விந்தைச் சேமித்து வைக்கும் பை தெரிந்தால் பெண். 20 ஆண்டுகளுக்கு மேலும் உங்களோடு இருக்கும். ஆணாக இருந்து, முன்கால்களில் கொக்கிகள் தோன்றியிருந்தால் இதுவே அதன் கடைசி உரிப்பாக இருக்கலாம்.

கேள்வி: எங்கள் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரப்பொந்தில் உரிந்த சட்டையும், அருகில் உள்ளங்கை அகலச் சிலந்தி ஒன்றும் இருந்தன. பிடித்து வளர்க்கலாமா?
— வாசகி, ஏற்காடு

பதில்: வேண்டாம். மரப்பொந்தில் வாழும் பொசிலோதீரியா என்ற டரான்டுலாப் பேரினத்தின் இனங்களில் ஒன்றாக அது இருக்கக்கூடும். அவற்றுள் ‘போர்மோசா’ என்பதை 1899இல் ஆங்கிலேய விலங்கியலாளர் போகாக் முதன்முதலாக விவரித்ததே சேலத்துக்கு அருகிலுள்ள காடையாம்பட்டியிலிருந்து கிடைத்த சிலந்தியைக் கொண்டுதான். ஆங்கிலத்தில் நம் சேலத்தின் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். இன்று அது அழியும் ஆபத்தில் உள்ளது. இந்தப் பேரினம் முழுவதும் 2019 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. செம்முழங்காலைப் போல அரிப்பு முடியை உதறி எச்சரிக்க இதற்குத் தெரியாது. மின்னலாக ஓடும், இல்லையேல் கடிக்கும். கடித்தால் தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வாட்டும். உரித்த சூட்டில் இருக்கும் சிலந்தியை விரலாலோ குச்சியாலோ நோண்டாமல், இரண்டு வாரங்களுக்கு அந்த மரத்தைக் கவாத்து செய்யாமல் விட்டுவைக்கும்படி தோட்டத்து ஆட்களிடம் சொல்லுங்கள்.