காட்டுக்குள்ள ஒரு கேம்

கேள்வி: அண்ணை, ஸ்கைரிம் எண்ட கொம்பியூட்டர் கேம் விளையாடுறன், பசி குளிர் ஒண்டுமில்ல, செய்யிற சாமானெல்லாம் விக்கத்தான் உதவுது. என்ன மொட் (விளையாடுற ஆக்கள் செய்து கேமில சேக்கிற மாற்றம்) போடலாம்? (வாசகர், மல்லாவி)

பதில்: தம்பி, 2011 இல வந்த அந்தக் கேமில சண்டைக்கு நடுவில மெனுவைத் திறந்து இருபது சீஸ் திண்டு காயத்தை ஆத்திட்டு எழும்பலாம், பிறகேன் சமைப்பான்? கேம்ப்ஃபயர், ஃப்ரொஸ்ட்ஃபோல் எண்ட மொட்டுகளைப் போடும், நனைஞ்சால் விறைக்கும், விறகு பொறுக்கி நெருப்பு மூட்டோணும், தோலுடுப்புக்கு அப்பத்தான் மதிப்பு வரும். ஹண்டர்போர்ன் எண்ட வேட்டை மொட் போட்டால் மானை உரிக்கவே நேரம் போகும், எங்கட பழைய ஆக்கள் இறைச்சி வத்தல் போட்ட கதைதான் (இஞ்சத்தைக் காட்டில செய்து பிடிபடாதையும்!). மெப்பில அமத்தி ஊர்விட்டு ஊர் பாயிறதையும் விடும், இல்லாட்டி குளிரெல்லாம் சும்மா. பசிக்கெண்டு ரெண்டு மொட் சேத்துப் போடாதையும், ஒண்டோட ஒண்டு அடிபடும்.