பின்லாந்து டிஃபென்ஸ்மேன்களை எடைபோடுவது எப்படி? கேள்வி பதில்

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீகான என்எச்எல்லின் டிராஃப்டுக்கு (அணிகள் முறை வைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) காத்திருக்கும் 17, 18 வயது பின்லாந்துப் பையன்களைப் பற்றி, அதிலும் டிஃபென்ஸ்மேன்களை, அதாவது தற்காப்பு ஆட்டக்காரர்களைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். கோலிகளைப் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது தனிக் கதை.

சார், பின்லாந்தின் முதல்நிலை லீகான லீகாவில் ஆடும் ஒரு பையன் சீசன் முழுக்கப் பத்துப் பாயின்ட்தான் (கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து) எடுக்கிறான். கனடா ஜூனியரில் ஒருவன் எழுபது எடுக்கிறான். இரண்டு பேரும் முதல் சுற்றில் போகிறார்கள். இது என்ன கணக்கு?

நீங்கள் சொல்வது 2017 டிராஃப்ட் மாதிரியே இருக்கிறது. மீரோ ஹெய்ஸ்கனன் அந்த சீசனில் ஹெல்சின்கியின் எச்ஐஎஃப்கே அணிக்காக 37 ஆட்டங்களில் 10 பாயின்ட் எடுத்தார். டல்லாஸ் அவரை மூன்றாவதாக எடுத்தது. நான்காவதாகப் போனவர் கேல் மக்கார். அவர் ஆல்பர்ட்டாவின் ஜூனியர் ஏ லீகில் 54 ஆட்டங்களில் 75 பாயின்ட் குவித்திருந்தார். பின்னால் திரும்பிப் பார்த்தால் இரண்டு அணிகளும் ஏமாறவில்லை.

மக்கார் எதிர்த்து ஆடியது தன் வயதுப் பையன்களை. ஹெய்ஸ்கனன் எதிர்த்து ஆடியது முப்பது வயது ஆட்களை, சம்பளத்துக்கு ஆடுகிறவர்களை. லீகாவில் 17 வயதுப் பையனுக்கு பவர் பிளே (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) கிடைப்பதே அபூர்வம், பாயின்ட் எங்கிருந்து வரும்? பயிற்சியாளர் அவனை எத்தனை நிமிடம் ஆடவிடுகிறார், ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது கடைசி ஐந்து நிமிடத்தில் களத்தில் வைக்கிறாரா என்பதுதான் பேசும். அதே வசந்தத்தில் 18 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியில் தன் வயதுக்காரர்களோடு இறங்கியபோது அவர் 7 ஆட்டத்தில் 12 பாயின்ட் எடுத்ததையும் சேர்த்துப் பாருங்கள். கையில் சரக்கு இருந்தது, காட்டச் சந்தர்ப்பம்தான் இல்லை.

ஒரு எச்சரிக்கை. லீகாவில் ஏழாவது, எட்டாவது டிஃபென்ஸ்மேனையும் ஜெர்சி போட்டு பெஞ்சில் உட்கார வைக்க முடியும். அட்டவணையில் அது ஓர் ஆட்டமாகப் பதிவாகிவிடும். பையன் மூன்று நிமிடம்கூடக் களத்தில் இருந்திருக்க மாட்டான். ஆட்ட எண்ணிக்கையைப் பார்க்கும்போது நிமிடக் கணக்கையும் கூடவே பாருங்கள்.

பாயின்ட் வேண்டாம் என்றால் எதைப் பார்ப்பது? எனக்கு வீடியோ பார்க்க நேரம் இருக்கிறது, எங்கே கண்ணை வைக்க வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் என் மதிப்பீட்டில் பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது.

எதிரணி நடுக்களத்திலிருந்து பக்கை (ஹாக்கி வட்டு) மூலைக்கு அடித்துவிடுகிறது. நம் பையன் திரும்பி அதை எடுக்க ஓடுகிறான். இரண்டு எட்டுப் பின்னால் ஒரு ஃபார்வர்டு துரத்தி வருகிறான். இந்த ஒரு காட்சியை மட்டும் தேடித் தேடிப் பாருங்கள்.

முதலில் தலை. பக்கைத் தொடுவதற்கு முன் தோளுக்கு மேல் எத்தனை தடவை திரும்பிப் பார்க்கிறான்? ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், நல்லவர்கள் இரண்டு தடவை பார்ப்பார்கள். பார்க்காமல் போகிறவனுக்குத் துரத்தி வருகிறவன் எந்தப் பக்கம் வருகிறான் என்று தெரியாது, சுவரோடு சேர்த்து அடி வாங்குவான். அடுத்தது பாதை. பக்கை நோக்கி நேர்கோட்டில் போகிறானா, அல்லது ஒரு பக்கம் போவது போலத் தோளைச் சாய்த்து, துரத்துகிறவனை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு மறுபக்கம் திரும்புகிறானா? மூன்றாவது, எடுத்த பிறகு என்ன செய்கிறான். ஒரு நொடிக்குள் நடுவில் இருக்கும் சென்டருக்குப் பாஸ் போகிறதா, அல்லது பயந்து கண்ணாடியை ஒட்டிச் சுற்றியடித்துத் தள்ளிவிடுகிறானா? சுற்றியடிப்பது பாவமில்லை, சில நேரம் அதுதான் சரி. ஆனால் ஓர் ஆட்டத்தில் பத்துத் தடவை பக் வந்து பத்துத் தடவையும் அப்படியே போனால், அந்தப் பையன் அடுத்த மட்டத்தில் மூச்சுத் திணறுவான்.

இரண்டாவது பீரியடில் இதைப் பார்ப்பது இன்னும் நல்லது. அணிகள் பக்கம் மாறுவதால் அந்தப் பீரியடில் டிஃபென்ஸ்மேனுக்குச் சொந்த பெஞ்ச் தூரமாகிவிடும். பக்கை வெளியே அனுப்பாவிட்டால் ஆள் மாற முடியாது. நாற்பது, ஐம்பது நொடி களத்திலேயே மாட்டிக்கொண்டு கால் கனத்துப்போன நேரத்தில் அவன் என்ன முடிவெடுக்கிறான் என்பதை எந்த அட்டவணையும் சொல்லாது.

இதற்கு அடுத்தபடியாக, எதிரி பக்கோடு வேகமாக வரும்போது இவன் எங்கே நின்று சந்திக்கிறான் என்று பாருங்கள். தன் பகுதி தொடங்கும் ப்ளூ லைனிலேயே வழி மறிக்கிறவனுக்குத் தன் ஸ்கேட்டிங்கில் நம்பிக்கை இருக்கிறது. பின்வாங்கிப் பின்வாங்கி கோலியின் மடியில் போய் உட்காருகிறவனுக்கு அது இல்லை. ஹெய்ஸ்கனனை இன்றைக்கும் பாருங்கள், ஆளை இடித்துத் தள்ளியா பக்கை வாங்குகிறார்? எதிரிக்கு இடமே கொடுக்காமல் கூடவே வழுக்கிக்கொண்டு போய்க் குச்சியை நீட்டி எடுத்துக்கொள்கிறார்.

5 அடி 10 அங்குலம். மறந்துவிடலாமா?

கிம்மோ டிமோனன் அந்த உயரம்தான். 1108 என்எச்எல் ஆட்டங்கள், கடைசியில் 2015இல் சிகாகோவோடு ஸ்டான்லி கோப்பை. சாமி வட்டனனும் உயரமில்லாதவர், 2009இல் நான்காவது சுற்றில் போய் பல வருடம் ஆடினார். ஆகவே மறக்க வேண்டாம். ஆனால் குள்ளமானவனுக்கு விதிவிலக்கான ஒரு குணமாவது இருந்தாக வேண்டும். டிமோனனுக்குத் தலையும் கையும். உயரமும் இல்லாமல், வேகமும் நடுத்தரமாக இருந்தால் கஷ்டம். வில்லே ஹெய்னோலாவை வின்னிபெக் 2019இல் 20ஆவதாக எடுத்தது. பக் கையில் இருக்கும்போது அவ்வளவு அழகாக ஆடுவார். பக் இல்லாதபோது கோலுக்கு முன்னால் ஒரு பெரிய ஃபார்வர்டை நகர்த்துவதுதான் சிரமமாகிவிட்டது. என்எச்எல்லுக்கும் அதற்கு அடுத்த மட்டமான ஏஎச்எல்லுக்குமாக அலைந்தே வருடங்கள் போயின.

ஆரோன் கிவிஹார்யு 15 வயதில் டிராஃப்டின் உச்சியில் போவார் என்றார்கள். கடைசியில் 122ஆவது. அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் எல்லோரும் தூங்கிவிட்டார்களா?

தூங்கவில்லை, தயங்கினார்கள். 2006 ஜனவரியில் பிறந்தவர், 16 வயதிலேயே டிபிஎஸ் அணியில் லீகா ஆடினார். டிராஃப்ட் வருடத்துக்கு எச்ஐஎஃப்கே வந்தார், 2023 இலையுதிர் காலத்திலேயே முழங்கால் போய்விட்டது. சீசனில் பெரும்பகுதி காலி. ஏப்ரலில் சொந்த நாட்டில், எஸ்போவிலும் வன்டாவிலும் நடந்த 18 வயதுக்குட்பட்டோர் போட்டிக்குத்தான் திரும்பினார். பார்க்க ஆட்டமே இல்லாத பையன், உயரமும் குறைவு. ஒவ்வொரு அணியும் ‘இன்னொருவன் எடுக்கட்டும்’ என்று விட்டு விட்டு, நான்காவது சுற்றில் மினசோட்டா எடுத்தது.

என் கருத்து: 15 வயதில் வந்த புகழும் அதிகம், 18 வயதில் வந்த வீழ்ச்சியும் அதிகம். சின்ன வயதில் மூளையால் ஜெயிக்கிற பையன்களுக்கு இது அடிக்கடி நடக்கும். மற்றவர்கள் வளர்ந்து வேகமாகிவிடுவார்கள், மூளை வித்தியாசம் சுருங்கும். ஆனாலும் நான்காவது சுற்றில் அப்படியொரு பையன் கிடைத்தால் யோசிக்காமல் எடுப்பேன். 2025 உலக ஜூனியரில் (20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி) அவர் தலைமையில்தான் பின்லாந்து இறுதிவரை வந்து, அமெரிக்காவிடம் ஓவர்டைமில் 4-3 என்று தோற்றது.

யூலேவி விஷயத்தில் வான்கூவர் எங்கே தவறியது? இன்னும் எரிகிறது எனக்கு.

நியாயமான எரிச்சல். 2016இல் வான்கூவர் எடுத்த ஒல்லி யூலேவி ஐந்தாவது. அடுத்ததாக ஆறாவது மேத்யூ கச்சக், ஒன்பதாவது செர்காச்சேவ், பதினான்காவது மெக்கவாய். இதில் கச்சக்கும் யூலேவியும் அந்த வருடம் கனடாவின் லண்டன் நைட்ஸ் ஜூனியர் அணியில் ஒன்றாக ஆடியவர்கள். கனடா ஜூனியர் அணிகளின் மெமோரியல் கோப்பை இறுதியில் ஓவர்டைம் கோல் போட்டதே கச்சக்தான்.

யூலேவியின் அந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். ஹெல்சின்கியில் உலக ஜூனியர் தங்கம், அங்கே முன்னால் லைனேயும் புல்யுயார்வியும். லண்டனில் முன்னால் மார்னரும் கச்சக்கும். இவர் நிதானமாக ஒரு நல்ல முதல் பாஸ் கொடுத்தால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அந்த நிதானத்தை ‘உயர்ந்த ஆட்ட அறிவு’ என்று எழுதினார்கள். அது பொய்யில்லை, ஆனால் அவசரம் வந்தால் கால் எவ்வளவு வேகமாகப் போகும் என்ற கேள்வியை யாரும் போதுமான அளவு கேட்கவில்லை. பிறகு முதுகில் அறுவை, முழங்காலில் அறுவை. அந்தக் காயங்களை முன்கூட்டித் தெரிந்திருக்க முடியாது, அதற்கு வான்கூவரைக் குறை சொல்ல மாட்டேன். வலுவான அணியில் ஆடுகிறவனைப் பார்க்கும்போது நான் ஒன்று செய்வேன்: அவன் அணி தோற்ற ஆட்டங்களை முதலில் தேடி எடுப்பேன்.

சொந்த ஊரிலேயே இருப்பதா, கனடா போவதா?

மாட்டா, வலிமாக்கி, யோக்கிஹார்யு கனடா ஜூனியர் லீகுகளுக்குப் போனார்கள், முதல் சுற்றில் எடுக்கப்பட்டார்கள். ஹெய்ஸ்கனன், வாக்கனைனன் இருந்தார்கள், அவர்களும் முதல் சுற்று. (2017இல் மட்டும் நான்கு பின்லாந்து டிஃபென்ஸ்மேன்கள் முதல் சுற்றில், அப்படியொரு விளைச்சல் அதற்குப் பிறகு வரவில்லை.) லீகாவில் தினமும் பதினைந்து நிமிடம் கிடைக்கும் என்றால் இருப்பதே மேல். பெஞ்சில் குளிர் காயத்தான் வேண்டும் என்றால் இரண்டாம்நிலை லீகான மெஸ்டிஸுக்கு இறங்கி இருபது நிமிடம் ஆடட்டும், அல்லது போகட்டும். ஒன்றுமட்டும் கூடாது: 20 வயதுக்குட்பட்டோர் லீகில் சுலபமாக ஜெயித்துக்கொண்டே இருந்து கெட்ட பழக்கங்களைச் சேர்த்துக்கொள்வது.

ஐயா, களத்தின் அகலம் வித்தியாசம் பெரிதா?

என்எச்எல் களம் சுமார் 26 மீட்டர் அகலம், ஐரோப்பாவில் 30 வரை. அகலமான களத்தில் பையனுக்கு யோசிக்கக் கூடுதலாக அரை நொடி கிடைக்கிறது, அமெரிக்கா போனால் அது போய்விடும். மேலே சொன்ன மூலைக் காட்சியில் தடுமாறாதவன் இதிலும் தடுமாற மாட்டான்.

பெரிய உடம்பு, நிறைய நிமிடம், ரிஸ்டோலைனன் மாதிரி. இது பாதுகாப்பான தேர்வுதானே?

2013இல் பஃபலோ எட்டாவதாக எடுத்தது, அடுத்த ஜனவரியில் மால்மோவில் உலக ஜூனியர் இறுதியில் ஸ்வீடனுக்கு எதிராக ஓவர்டைமில் தங்கக் கோல் அடித்தார். 6 அடி 4 அங்குலம், வலது கைக்காரர். யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் பலவீனமான அணியில் அவரைச் சின்ன வயதிலேயே முதல் ஜோடியில் தூக்கி நிறுத்தினார்கள். 2018-19இல் மைனஸ் 41 (பவர் பிளே கோல்களை விட்டால், அவர் களத்தில் இருந்தபோது அணி போட்டதைவிட வாங்கிய கோல் அவ்வளவு அதிகம்), லீகிலேயே மோசம். அவர் மோசமான ஆட்டக்காரர் இல்லை, இரண்டாவது ஜோடிக்காரரை முதல் ஜோடியில் ஆடவைத்த விளைவு அது. உடம்பைப் பார்த்து நிமிடம் கொடுப்பதும், நிமிடத்தைப் பார்த்துத் தரம் தீர்மானிப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கம்.

பிறந்த மாதத்தைப் பார்ப்பீர்களா?

கட்டாயம். டிராஃப்ட் வருடத்தின் செப்டம்பர் 15க்குள் 18 வயது ஆக வேண்டும், அதுதான் எல்லைக்கோடு. 2017இல் இரண்டாவதாகப் போன நோலன் பேட்ரிக் 1998 செப்டம்பர் 19இல் பிறந்தவர், நான்கு நாளில் முந்தைய வருடத்தைத் தவறவிட்டார். ஹெய்ஸ்கனன் 1999 ஜூலை. ஒரே டிராஃப்ட், பத்து மாத வித்தியாசம். அந்த வயதில் பத்து மாதம் என்பது நாலைந்து கிலோ எடை.

கட்டாய ராணுவ சேவை தடையா?

இல்லை. விளையாட்டு வீரர்களுக்கென்று ஹெல்சின்கியின் சந்தஹமினாவில் ராணுவத்தின் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. இதற்காக யாரையும் பட்டியலில் கீழே இறக்காதீர்கள்.

கடைசிச் சுற்றுகளில் பின்லாந்துக்காரர்களை எடுப்பது லாபம் என்கிறார்களே?

டிமோனன் 250ஆவது, சாமி சலோ 239ஆவது என்று எல்லோரும் சொல்வார்கள். இன்றைக்கு ஏழு சுற்றில் மொத்தம் 224 பேர்தான், அந்த எண்களே கிடையாது. அந்தக் காலத்தில் பின்லாந்தின் குவோப்பியோவுக்கு ஸ்கவுட் போவதே அரிது, இன்று எல்லா ஆட்டமும் வீடியோவில் வந்துவிடுகிறது. ஒளிந்திருக்கும் புதையல் குறைந்துவிட்டது.

இப்போது லாபம் நடுச்சுற்றில்தான், மெதுவாகப் பழுக்கும் பையன்களிடம். ஏசா லிண்டெல் 2012இல் 74ஆவது. டல்லாஸ் அவரை அவசரப்படுத்தாமல் பின்லாந்திலேயே விட்டுவைத்தது, யோக்கெரிட், பிறகு ஆஸ்ஸாட். இன்று பெனால்டி கில்லில் (தன் அணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) அவரைப் போல் நிற்பவர் சிலர்தான். யானி ஹக்கன்பாவை செயின்ட் லூயிஸ் 2010இல் 104ஆவதாக எடுத்தது. அவர் என்எச்எல் பனியில் கால் வைக்கப் பத்து வருடம் ஆகியது, அதுவும் அனஹெய்முக்காக.

அண்ணை, நான் ஸ்கார்பரோவில இருந்து. டொரொன்டோ லீஃப்ஸ் எடுத்த நியெமலா உலக ஜூனியரில சிறந்த டிஃபென்ஸ்மேன் எண்டு விருது வாங்கினவர். பிறகு ஏன் லீஃப்ஸின்ர ஏஎச்எல் அணி மார்லீஸிலயே நிண்டவர்?

தம்பி, 2020இல் 64ஆவதாக எடுத்த ஆளிடம் முதல் சுற்று எதிர்பார்ப்பு வைத்தோம், அதுதான் பிரச்சினை. 2021 விருது உண்மை. எட்மன்டனில் ஆட்களே இல்லாத அரங்கில் மிக நன்றாக ஆடினார். ஆனால் அது ஏழு ஆட்டம், 20 வயதுக்குட்பட்டவர்களுக்கு எதிராக. ஏஎச்எல்லில் கேள்வி வேறு: பக்கை எடுக்கும் நொடியில் நூறு கிலோ ஆள் முதுகில் விழுந்தால் பாஸ் போகுமா? 2023-24 மார்லீஸ் ஆட்டங்களைப் பாருங்கள், நல்ல ஆட்டங்களில் போகிறது, இரண்டு நாள் அடுத்தடுத்து ஆடும்போது இரண்டாம் நாளில் போவதில்லை. மார்லீஸ் ஆடும் கோகா-கோலா கொலிசியத்துக்குப் போனால் மூலைப் பக்கம் கண்ணாடியை ஒட்டி டிக்கெட் எடுங்கள், நடுவில் வேண்டாம்.