கல்லாகச் சொன்னது யார்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

வயது 38. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. புது மேலாளர் வந்து எட்டு மாதம் ஆகிறது. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அவருக்கு எல்லாம் ஞாபகம் வரும். "காலையில் பேசணும்" என்று மட்டும் மெசேஜ் அனுப்புவார். என்ன விஷயம் என்று இருக்காது. பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசையும், விடியும்வரை தூக்கம் வராது. காலையில் போய்க் கேட்டால் பெரும்பாலும் ஏதோ ஒரு வவுச்சரைப் பற்றித்தான் இருக்கும்.

நண்பர் ஒருவர் சொல்லி ஸ்டோயிக் தத்துவம் படிக்க ஆரம்பித்தேன். நம் கையில் இல்லாததை நினைத்துக் கலங்காதே என்று சொல்லும் பழைய கிரேக்க, ரோமானியத் தத்துவம் அது. அதன் ஆசிரியர் எபிக்டெட்டஸ், அதைப் பின்பற்றிய ரோமானியப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் எல்லாம் ஓரளவு படித்தாயிற்று. நான்கு மாதமாக எதற்கும் முகம் மாறாமல் இருக்கப் பழகுகிறேன். ஆனால் மெசேஜ் சத்தம் கேட்டால் கை நடுங்குவது மட்டும் நிற்கவில்லை. இப்போது 'இவ்வளவு படித்தும் இப்படியா' என்ற வெட்கமும் சேர்ந்துகொண்டது. போன வாரம் மகள் தண்ணீரைக் கொட்டிவிட்டாள். நான் கத்திய கத்தலில் காலி டம்ளரைப் பிடித்தபடியே நின்றாள். "நீங்க ஒண்ணு பேசுறதே இல்ல, இல்லன்னா கத்துறீங்க" என்கிறாள் மனைவி. இந்தத் தத்துவம் எனக்கு ஒத்துவரவில்லையா, நான்தான் சரியாகச் செய்யவில்லையா?

- பெயர் வேண்டாம்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு கப்பல் கதை சொல்கிறேன். 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் அவுலஸ் கெல்லியஸ் எழுதிவைத்தது. அவர் இத்தாலிக்குப் போன கப்பல் ராத்திரி புயலில் மாட்டிக்கொண்டது. ஏதென்ஸில் பேர்பெற்ற ஸ்டோயிக் ஆசிரியர் ஒருவரும் அதில் இருந்தார். இவர் எப்படி இருக்கிறார் பார்ப்போம் என்று கெல்லியஸ் அவர் முகத்தையே கவனித்தார். மனிதர் புலம்பவில்லை, ஆனால் மற்றவர்களைப் போலவே வெளிறிப்போயிருந்தார். கடல் அடங்கியதும் ஒரு பணக்காரப் பயணி அவரைக் கேலி செய்தார். அப்புறம் கெல்லியஸ் தனியே போய்க் கேட்டபோது, ஆசிரியர் தன் பையிலிருந்து எபிக்டெட்டஸின் உரைத்தொகுப்பில் ஐந்தாம் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். பெரிய சத்தமோ ஆபத்தோ திடீரென்று வந்தால் ஞானிக்கும் மனம் ஒரு கணம் ஆடும், முகம் வெளிறும் என்று அதில் இருந்தது. அடுத்த கணத்தில்தான் வித்தியாசம். 'இது பயங்கரம்' என்று மனம் காட்டுவதை ஞானி அப்படியே ஒப்புக்கொள்வதில்லை.

உங்கள் தொழில் பாஷையில் சொன்னால், மேசைக்கு வவுச்சர் வருவதை உங்களால் தடுக்க முடியாது. பாஸ் பண்ணுவதா என்பதுதான் உங்கள் வேலை. நீங்களோ நான்கு மாதமாக வவுச்சரே வரக் கூடாது என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். களைப்பு வராமல் என்ன செய்யும்? அந்தக் களைப்பு மகள்மேல் இறங்கியிருக்கிறது. குளிர்ந்த நீர் மேலே தெளித்தால் உடம்பு சிலிர்ப்பதை எந்தத் தத்துவத்தாலும் நிறுத்த முடியாது என்கிறார் இன்னொரு ரோமானிய ஸ்டோயிக்கான செனகா. உங்கள் கை நடுக்கமும் அந்த வகைதான். நடுங்கட்டும்.

அடுத்த முறை மெசேஜ் வந்தால் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். முதல் வரியில் வந்தது என்ன: 'காலையில் பேசணும்', இரண்டே சொல். இரண்டாவதில் உங்கள் மனம் சேர்த்தது என்ன: 'வேலை போகப் போகிறது' என்றோ வேறெதுவோ. இரண்டாம் வரிக்கு ஆதாரம் இணைக்கப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால் நிலுவையில் வையுங்கள். கிழித்துப் போட வேண்டாம், காலையில் பார்க்கலாம். நானாகக் கண்டுபிடித்த உத்தி இல்லை இது. 1950களில் சிந்தனை சார்ந்த மனநல சிகிச்சையைத் தொடங்கிய உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ், தன் முன்னோடி என்று எபிக்டெட்டஸைத்தான் சொன்னார்.

இன்னொன்று. 'என் கையில் இல்லை' என்ற வரியைப் பலரும் வாயை மூடிக்கொள்ளத்தான் பயன்படுத்துகிறார்கள். நீங்களும் அப்படித்தான் என்று சந்தேகப்படுகிறேன். மேலாளரின் பழக்கம் உங்கள் கையில் இல்லை, சரி. "என்ன விஷயம்னு ஒரு வார்த்தை சேர்த்து அனுப்புங்க சார், தயாரா வர்றேன்" என்று கேட்பது உங்கள் கையில்தானே இருக்கிறது? எட்டு மாதத்தில் ஒரு தடவையாவது கேட்டீர்களா? அவர் மாறாமலும் போகலாம். குறி பார்த்து அம்பை விடுவதுவரைதான் வில்லாளியின் பொறுப்பு என்று ஸ்டோயிக்குகள் சொன்னதாக ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதியிருக்கிறார்.

வெட்கத்தைப் பற்றி: மார்க்கஸ் பேரரசராக இருந்தும், தனக்கென்று எழுதிய குறிப்புகளில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறார். ஒரு தடவையில் படிந்திருந்தால் எதற்கு அவ்வளவு எழுத வேண்டும்? செனகா ராத்திரி விளக்கை எடுத்த பிறகு அன்றைய நாளை நினைத்துப் பார்ப்பார். 'இனி இப்படிச் செய்யாதே, இந்த முறை உன்னை மன்னிக்கிறேன்' என்று தனக்கே சொல்லிக்கொள்வாராம். உங்களிடம் முதல் பாதி மட்டும்தான் இருக்கிறது.

இரண்டு மூன்று வாரத்தில் தூக்கம் திரும்பவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். அதைத் தத்துவத்தின் தலையில் கட்ட வேண்டாம்.

மகளிடம் மன்னிப்புக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்கவில்லையென்றால், மேலாளரிடம் பேசுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.